இறால் கிடை

சங்கரன்கோவில்
12.2.2025

அத்தானுக்கு வள்ளித்தாய் எழுதுவது.

உங்கள் குரல் இனிமேல் என் காதில் விழக் கூடாது என்று சொன்னவள் நான்தான். அந்தச் சொல்லிலிருந்து மாறவில்லை. காகிதத்துக்குக் குரல் இல்லை என்பதால் எழுதுகிறேன். போன் போட்டுத் தொலைக்காதீர்கள், எடுக்க மாட்டேன். ஐந்தாவது வரைக்கும் படித்தது இதற்காவது உதவட்டும்.

நீங்கள் இருக்கிற இடம் எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். நம் தெருவில் மீன் விற்கிற ரசீதாவின் வீட்டுக்காரர் வேம்பார்ப் பக்கம் போய்த்தான் மீன் ஏற்றி வருகிறார். நேற்று அவள் கூடையை இறக்கி வைத்த கையோடு கேட்டாள்.

"ஏட்டி வள்ளி, உங்க வீட்டுக்காரரு கடலுக்குள்ள நிக்காராமே. முட்டளவு தண்ணியில கம்பு ஊணிக்கிட்டு நிக்காராம். பக்கத்துல ஒரு பொம்பளையும் நிக்காளாம்."

நான் சிரித்துவிட்டேன். "கம்மாயையே எட்ட நின்னு பாக்குத மனுசன் அது. வேற ஆளா இருக்கும்" என்றேன்.

"சட்டையில ஒரு பொத்தான் மட்டும் மஞ்சக் கலரா இருக்காமே" என்றாள்.

அந்தப் பொத்தானை என் பழைய ஜாக்கெட்டிலிருந்து பிய்த்துத் தைத்தது நான். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

என்னைக் கேட்காமல் ஆட்டை எல்லாம் திருவேங்கடத்து வியாபாரிக்குப் பிடித்துக் கொடுத்தீர்கள். ஏன் என்று கேட்டதற்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். போனவர் கடலுக்குள் என்ன செய்கிறீர்கள், அந்தப் பொம்பளை யார், இரண்டுக்கும் பதில் வேண்டும். இரண்டாவதை முதலில் எழுதுங்கள்.

ரசீதா வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பிரித்துப் படிக்கிற ஆள் என்பதால் பசை நிறையத் தடவியிருக்கிறேன்.

ஆடில்லாத வீட்டிலிருந்து,
வள்ளித்தாய்.


சிலுவைத்துறை
16.2.2025

வள்ளிக்கு,

கடிதம் வந்தது. ஒட்டின இடத்தில் மீன் செதில் இருந்தது. படித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்.

நான் இங்கே காவல் வேலையில் இருக்கிறேன். பொரிப்பகத்திலிருந்து இறால் குஞ்சு பை பையாக வருகிறது. ஒவ்வொன்றும் இமை முடி அளவுதான். கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் கம்பு ஊன்றி, அடி மண் வரைக்கும் வலை கட்டி, அதற்குள் விட்டிருக்கிறார்கள். விரல் அளவு வளர்ந்ததும் வலையைத் தூக்கிவிட்டால் கடலுக்குப் போய்ப் பெருகும் என்கிறார்கள். இந்தப் பக்கம் வலைக்கு விழுகிற இறால் பாடு குறைந்து போனதால் இந்த ஏற்பாடு. பொரிப்பகத்து ராஜேஷ்குமார் சார்தான் பொறுப்பு.

என்னை ஏன் வைத்தார்கள் என்று கேட்பாய். உள்ளூர்க்காரனைக் காவல் வைத்தால் அவன் மச்சினன் வந்து வலை போடுவான் என்று இவர்களுக்குள் ஒருத்தர்மேல் ஒருத்தருக்குச் சந்தேகம். படகு, வலை எதுவும் இல்லாத ஆளாகத் தேடியிருக்கிறார்கள். எனக்கு நீச்சலும் தெரியாது என்றேன். அப்போதே எடுத்துக்கொண்டார்கள்.

நீ கேட்ட ஆள் எப்சிபா அம்மா. இங்கே மகளிர் குழுவில் இருப்பவர். மட்டிச் சதையை அரைத்துக் குஞ்சுக்குத் தீனி போட வருவார்.

தண்ணீர் வத்தும்போது அந்த வலை வேலியை மாற்றிப் போடுகிறதில்தான் இடுப்பு விட்டுப் போகிறது. மற்றபடி ஆட்டைவிட இது சுளுவு. கத்தாது, அடுத்தவன் பருத்தியில் வாய் வைக்காது.

ஆட்டைப் பற்றி இப்போது எழுதவில்லை.

இசக்கிப்பாண்டி.


சங்கரன்கோவில்
20.2.2025

அத்தானுக்கு,

என் அப்பா உங்களுக்குத் தாய்மாமன். அவரையே "அந்த ஆளு" என்றுதான் சொல்வீர்கள். என் அம்மா பேரைச் சொன்னால் வாய் கோணும். யாரோ ஒருத்திக்குப் பேரோடு "அம்மா" சேர்த்து, "வருவார், போடுவார்" என்று மரியாதை வழிகிறது.  அந்த அம்மாவுக்கு வயசு என்ன, வீட்டுக்காரர் இருக்கிறாரா, உங்கள் சோற்றை யார் பொங்குகிறார்கள், மூன்றையும் எழுதவும்.

ஆட்டைப் பற்றி எழுதவில்லை என்று எழுத ஒரு வரி செலவழித்திருக்கிறீர்கள். அந்த வரியில் ஆட்டைப் பற்றியே எழுதியிருக்கலாம்.

நான் பூச்சந்தையில் பிச்சியும் மல்லியும் கட்டுகிறேன். கடை அண்ணாச்சி நேற்று, "உன் வீட்டுக்காரரு இப்ப மீன்காரராமே, பூவுல கவிச்சி அடிக்கப் போவுது" என்றார். "கவிச்சி இங்கன வராது அண்ணாச்சி, ஆளே வரல" என்றேன். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இறாலுக்குக் காவல் இருக்கிறவரே, உங்கள் வீட்டுக்கு யார் காவல்?

வள்ளித்தாய்.


சிலுவைத்துறை
2.3.2025

வள்ளிக்கு,

வம்புக் கடிதம் எழுதுகிற நிலைமையில் நான் இல்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில். எப்சிபாவுக்கு உன் வயசு இருக்கும். வீட்டுக்காரர் கடலோடு போய்விட்டார். சோற்றை நானே பொங்குகிறேன், குழைந்துதான் போகிறது.

வெள்ளிக்கிழமை பொழுது அடைகிற நேரம் ராஜேஷ்குமார் சார் வந்து வேலிக்குள் சின்ன வலையை இழுத்துப் பார்த்தார். விட்டதில் பாதிகூட இல்லை. மறுபடி இழுத்தார். அவர் முகம் செத்துப் போனது.

ஊர்த் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "குஞ்சு எங்கவே?"

தெரியாது என்றேன்.

"செத்திருந்தா மெதந்திருக்கும். மீனு தின்னுருந்தா வலையில ஓட்டை இருக்கும். ஓட்டையும் இல்ல, பொணமும் இல்ல. நீ மட்டுந்தான் இருக்க" என்றார்.

பக்கத்தில் தனியார் இறால் குளங்கள் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய் விற்றுவிட்டேன் என்கிறார்கள். சிலர், சாரும் நானும் கூட்டு என்கிறார்கள். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையச் சொல்லிருங்க இசக்கிப்பாண்டி" என்றார். அவருக்கும் சந்தேகம்தான்.

23-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். அதற்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலியையும் பிரித்துவிடுவார்கள். ஆட்டுக்காக ராவெல்லாம் கண் முழித்தவன்மேல் திருட்டுப் பேர். உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

இசக்கிப்பாண்டி.


சங்கரன்கோவில்
5.3.2025

அத்தானுக்கு,

நேராகக் கேட்கிறேன். எடுத்தீர்களா?

கோபப்படாதீர்கள். ரசீதா வீட்டுக்காரர் உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே சேதியைக் கொண்டுவந்து தெருவில் இறக்கிவிட்டார். "நம்ம ஆளு அப்படிச் செய்ய மாட்டாரு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பட்டியில் ஆடு இல்லாமல் விடிந்த அந்தக் காலை ஞாபகம் வந்தது. அன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "ஆட்ட ஏத்திட்டுப் போறாங்களே, வித்தாச்சா?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு என்னைக் கேக்காம விக்க மாட்டாரு" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது வண்டி தெரு முக்கைத் தாண்டியிருந்தது.

அதனால் இந்தத் தடவை நெஞ்சைத் தட்டவில்லை. என் குட்டி என்று நான் பேர் வைத்து வளர்த்ததையே சொல்லாமல் ஏற்றிவிட்டவர், அடுத்தவன் இறாலை ஏற்ற மாட்டார் என்று எதை வைத்து நம்புவது? நீங்களே எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

வள்ளித்தாய்.


சிலுவைத்துறை
8.3.2025

எடுக்கவில்லை.

நீயும் கேட்டுவிட்டாய். இனிமேல் யார் கேட்டாலும் வலிக்காது.

கூட்டம் முடியும்வரை இந்தப் பக்கம் வந்துவிடாதே. உன் முன்னால் என்னை நிறுத்திக் கேள்வி கேட்பதை என்னால் தாங்க முடியாது.

இசக்கிப்பாண்டி.


சங்கரன்கோவில்
14.3.2025

அத்தானுக்கு,

வராதே என்றால் வராமல் இருக்கிற பொம்பளையையா நீங்கள் கட்டினீர்கள்? வராதே என்ற சொல்லைப் பார்த்ததும், அங்கே நான் பார்க்கக் கூடாதது ஒன்று இருக்கிறது என்று தோன்றிவிட்டது. நேற்று ஒரு கூடை மல்லியோடு பஸ் ஏறினேன். கோவில்பட்டி, விளாத்திகுளம் என்று மாறி மாறி சிலுவைத்துறைக்கு வந்து இறங்கினேன். பூக்காரியை யார் சந்தேகப்படுவார்கள்?

கருவாடு காயப்போடுகிற இடத்தில் கூடையை இறக்கினேன். ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்தாள். "எங்க சபையில பூ வைக்கதில்லம்மா. ஆனா வெயில்ல வந்திருக்க, டீ குடிச்சுட்டுப் போ" என்றாள். பேரைக் கேட்டேன். எப்சிபா. டீயைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். நல்ல பல்வரிசை. இதை நீங்கள் எழுதவில்லை.

அங்கே உட்கார்ந்தபடியே உங்களைப் பார்த்தேன். தண்ணீர் வத்தியிருந்தது. பின்பக்கத்துக் கம்புகளைப் பிடுங்கி முன்பக்கம் ஊன்றிக்கொண்டிருந்தீர்கள். சட்டை தொளதொள என்று கிடந்தது. இளைத்திருக்கிறீர்கள்.

எப்சிபா சொன்னாள்: "பாவம் அந்த ஆளு. எப்பப் பாரு வேலி சாஞ்சிருதுன்னு நேர் பண்ணிக்கிட்டே இருக்காரு."

நான் நாக்கை அடக்கியிருக்கலாம். "சாயலக்கா. கிடை மாத்துதாரு" என்றேன்.

"கிடையா, அது என்னது?"

"ஆட்ட ராத்திரி ஒரு வயல்ல வலை கட்டிப் படுக்கப் போடுவாங்க. மறுநா பக்கத்துல தள்ளிப் போடணும். ஒரே எடத்துல கெடந்தா குட்டிக்குக் கால்ல புண்ணு வந்துரும். அழுக்குல படுக்க வைக்கக் கூடாதுல்லா. எங்க பக்கம் அப்படித்தான்."

எப்சிபா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். "தெனமும் தள்ளிப் போடுதானா? பகல்லயா?"

"பகல்லதானே தண்ணி வத்துது."

"அட மனுசா. பகல்ல இறாலு எங்க இருக்கும்னு நெனச்ச? மண்ணுக்குள்ள பொதஞ்சு கெடக்கும். பொழுதடைஞ்சாத்தான் மேல வரும். இவன் வலையத் தூக்கி அந்தால வச்சா, மண்ணுக்குள்ள கெடக்கது அங்கனயே வெளிய நின்னு போவுமே."

 நாம் எழுப்பினால் ஆடு எழுந்து கூடவே நடந்து வரும். இறாலுக்கு யார் எழுந்திரு என்று சொல்வது? ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அதை நீங்களே வெளியில் விட்டுவிட்டு, காலி மண்ணுக்குக் காவல் இருந்திருக்கிறீர்கள்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. வேலியை மாற்றிப் போடுகிறேன் என்று நீங்கள் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. மாற்றிப் போடாமல் இருந்திருந்தால்தான் திட்டியிருப்பேன்.

எப்சிபா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாரு?" என்றாள். சொன்னேன். "நான் போய்ச் சொன்னா, அவனுக்காகப் பேசுதா, ஏதோ இருக்குன்னு கதை கட்டிருவாங்க. அவன் வாயால சொல்லட்டும்" என்றாள்.

உங்களிடம் வந்து பேசாமலே திரும்பிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கூட்டத்தில் சொல்லுங்கள், கிடை மாற்றினேன் என்று.

வள்ளித்தாய்.


சிலுவைத்துறை
17.3.2025

வள்ளி,

வேவு பார்க்க வந்தவள் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலிக்குப் போகவில்லை. குடிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். தீனி அழுகி அடி மண் கறுத்து நாறியது. அதில் சின்ன உயிரைக் கிடக்க விடுவதா என்று மாற்றினேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை.

கூட்டத்தில் இதைச் சொல்ல மாட்டேன். திருட்டுப் பேர் வந்தால் அது இந்தக் கரையோடு போகும். இங்கே என்னை யாருக்குத் தெரியும்? இறாலைக் கிடை போட்டான் என்ற பேர் வந்தால், ரசீதா வீட்டுக்காரர் வண்டியில் மீனோடு மீனாக ஏறி சங்கரன்கோவிலுக்கு வரும். அங்கிருந்து இளையரசனேந்தல் வரைக்கும் போகும். அந்தப் பக்கம் நான் கிடை போடாத கரிசல் கிடையாது. கிடைக்காரன் என்றுதான் என்னைத் தெரியும். அந்த ஒன்றிலும் சிரிப்பாய்ச் சிரித்தால் எங்கே போய் முகத்தைக் காட்டுவது?

இசக்கிப்பாண்டி.


சங்கரன்கோவில்
19.3.2025

அத்தானுக்கு,

முகத்தை எங்கே காட்டுவது என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். போலீஸ் வந்தால் அவர்களே ஸ்டேஷனில் ஒரு இடம் காட்டுவார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். இறாலைக் கிடை போட்டவன் என்றால் ஒரு மாசம் சிரிப்பார்கள். அடுத்த தெருவில் எவனாவது இதைவிடப் பெரிய கூத்துப் பண்ணுவான், அதற்குச் சிரிக்கப் போய்விடுவார்கள். திருடன் என்ற பேருக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். மறக்கவும் மாட்டார்கள். முட்டாள் பெண்டாட்டியாக இருப்பது எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே பழக்கம். திருடன் பெண்டாட்டியாக இருக்க இந்த வயசில் புதிதாகப் பழக முடியாது.

இன்னொன்று. நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் அந்த ராஜேஷ்குமாரும் சேர்ந்து கெடுவார். வேலியும் போகும். உங்களை நம்பி ஒருத்தர் வைத்ததை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இல்லாமல் ஆக்குவது, உங்களுக்கு இது இரண்டாவது தடவை.

சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நானே கூடையோடு கூட்டத்துக்கு வந்து சொல்வேன். எனக்கு வெட்கம் கம்மி.

வள்ளித்தாய்.


சிலுவைத்துறை
24.3.2025

வள்ளிக்கு,

சொல்லிவிட்டேன்.

பாதி சொல்லும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து ஒருத்தன், "அப்ப இறாலுக்கு அடையாளத்துக்குக் காது வெட்டி விட்டியாவே?" என்றான். நான் நின்றேன். முழுசையும் சொல்லி முடித்தேன்.

சிரித்து முடித்த பிறகு சந்தேகம் திரும்பி வந்தது. "நல்லாக் கதை கட்டிட்டு வந்திருக்கான். யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார்கள்.

ராஜேஷ்குமார் சார் தலையில் கையை வைத்தார். "கம்ப மாத்துததுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை என்றேன். அந்தக் கேள்வி அவருடையதா உன்னுடையதா என்று எனக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் நான் எதையும் கேட்பதில்லை போல. ஆட்டுக்கும் அதுதான். மேய்ச்சல் நிலமெல்லாம் சோலார்காரன் வேலி போட்டு வளைத்த பிறகு அதுகளுக்கு எதைக் காட்டுவேன்? உன்னைக் கேட்டிருந்தால் நீ ஒன்றைக்கூட விற்க விட்டிருக்க மாட்டாய்.

எப்சிபா எழுந்து, "பொழுதடையட்டும். வேலி முன்ன நின்ன எடத்துல எல்லாம் வலைய இழுத்துப் பாருங்க" என்றாள். போனோம். பழைய இடங்களில் ஒவ்வொரு இழுப்புக்கும் குஞ்சு வந்தது. தட்டில் போட்டுப் பார்த்தார்கள், எல்லாம் வேலிக்குள் இருக்கிற குஞ்சோடு ஒரே அளவு. 

அப்போதும் ஒருத்தர், "கடல்ல இறாலு கெடக்கத்தான செய்யும். இது நாம விட்டதுன்னு எப்படிச் சொல்ல?" என்றார். 

முடிவு இதுதான். போலீஸுக்குப் போகவில்லை. எனக்குப் பதிலாக யாரை வைப்பது என்று பேசினார்கள். எந்தப் பேரைச் சொன்னாலும் இன்னொருத்தர் வேண்டாம் என்றார். கடைசியில், வலை தூக்குகிற வரைக்கும் நானே இருக்கட்டும், ஆனால் கம்பைத் தொடக் கூடாது என்றார்கள். பாதி ஊர் இன்னும் நம்பவில்லை. அதனால் நான் வேலிக்குக் காவல். எனக்கு எப்சிபா காவல். தினமும் வந்து கரையில் உட்கார்ந்து என்னையே பார்க்க வேண்டும் என்று ஊரே சொல்லியிருக்கிறது.

இசக்கிப்பாண்டி.


சங்கரன்கோவில்
26.3.2025

அத்தானுக்கு,

சேதி தெருவுக்கு வந்துவிட்டது. கடை அண்ணாச்சி, "இறாலுக்குத் தண்ணி காட்டப் போகலயாம்மா?" என்று கேட்டுவிட்டு அவரே இருமுகிற வரைக்கும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். நிம்மதியாக இருந்தது.

ஆட்டைப் பற்றிக் கடைசியில் நாலு வரி எழுதிவிட்டீர்கள். விற்க விட்டிருக்க மாட்டேன் என்பது நிஜம்தான். அதற்காகக் கேட்காமல் இருந்தது சரியாகிவிடாது. அந்தச் சண்டை பாக்கி இருக்கிறது. அதை எழுதித் தீர்க்க முடியாது.

பிறகு இந்த ஏற்பாட்டைப் பற்றி. இறாலுக்கு நீங்கள் காவல், உங்களுக்கு எப்சிபா காவல், அவள் தினமும் கரையில் உட்கார்ந்து உங்களையே பார்க்க வேண்டும். நல்ல ஊர், நல்ல தீர்ப்பு. அத்தனை பேருக்கு அத்தனை சந்தேகம் வந்தும், எப்சிபாவுக்கு யார் காவல் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். குடிசையில் ஒரு ஓரத்தைக் கூட்டி வையுங்கள். வலை தூக்குகிற வரைக்கும் அந்த வேலை என்னுடையது.

வள்ளித்தாய்.